எல்லாவற்றையும் ஐஎஸ்ஓ ஆக்கிவிடலாமா? பழைய இமேஜ் கோப்புகளைத் தகட்டில் பதியும் வழிகள்: ஓர் ஒப்பீடு

நாங்குநேரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கோயில் கமிட்டியைச் சேர்ந்தவர், சென்ற ஆடி மாதம் பாளையங்கோட்டையில் உள்ள என் கடைக்கு ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். ஊர்க் கோயில் திருவிழாவான கொடையைப் பல ஆண்டுகள் படம்பிடித்த ஸ்டூடியோக்காரர் தொழிலை விட்டபோது, தம்மிடம் மிச்சமிருந்ததையெல்லாம் அதில் போட்டுக் கொடுத்திருக்கிறார். உள்ளே நான்கு வகை இமேஜ் கோப்புகள், அதாவது தகட்டில் உள்ளதை அப்படியே நகலெடுத்து வைத்த கோப்புகள், இருந்தன. வில்லுப்பாட்டு ஆடியோ சிடி, பின் என்றும் க்யூ என்றும் முடியும் இரண்டு கோப்புகளாக இருந்தது. கொடை வீடியோ சிடி என்ஆர்ஜி கோப்பாகவும், பிற்காலத்து டிவிடி ஒன்று எம்டிஎஃப், எம்டிஎஸ் என்ற இணையாகவும் இருந்தன. கடைசியாக, என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாத ஒரு யூஐஎஃப் கோப்பு. கொடைக்கு வரி கொடுக்கும் வீடுகளுக்குக் கொடுக்க இவற்றைத் தகடாகவே போட்டுத் தர வேண்டும் என்றார். பென் டிரைவ் போதாதா என்று கேட்டேன். ஊரில் பல வீடுகளில் அரசு கொடுத்த பழைய வண்ணத் தொலைக்காட்சியும், மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரில் தொங்கும் டிவிடி பிளேயரும்தான் இன்னும் ஓடுகின்றன என்றார்.

"அண்ணாச்சி, எல்லாத்தையும் ஐஎஸ்ஓவா மாத்திட்டா ஒரே சோலியா முடிஞ்சிரும்லா?" என்பது அவருடைய அடுத்த கேள்வி. ஐஎஸ்ஓ என்பது பெரும்பாலான பதிவு மென்பொருள்களுக்குத் தெரிந்த பொதுவான இமேஜ் வகை.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கும் முதலில் கிடைப்பது இந்த யோசனைதான். எனக்கும் சில ஆண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. அவர் கொண்டுவந்த நான்கில் ஒன்றுக்கு அது தவிர்க்க முடியாத வழி, ஒன்றுக்குச் செய்தாலும் குற்றமில்லை, மற்ற இரண்டையும் அது பாழாக்கிவிடும். ஏன் என்று விளங்கிக்கொண்டால், எந்தக் கோப்புக்கு எந்த வழி என்பதை அவரவரே முடிவு செய்யலாம்.

வழிகள் மூன்று. அந்தக் கோப்பு வகையை நேரடியாகப் புரிந்துகொள்ளும் மென்பொருளைக் கொண்டு அப்படியே தகட்டில் பதிவது ஒன்று. முதலில் ஐஎஸ்ஓவாக மாற்றி, பிறகு பதிவது இரண்டாவது. கணினியில் ஒரு பொய் டிரைவை உருவாக்கி, அதில் இமேஜ் கோப்பைத் தகடு போலச் செருகி, உள்ளிருப்பதைப் பிரதியெடுத்துப் புதிய தகடு போடுவது மூன்றாவது. (இந்த வேலையை எரிப்பது என்று எழுதுகிறவர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் யாரும் சிடியை எரிப்பதில்லை. ரைட் பண்ணுகிறார்கள் அல்லது போட்டுத் தருகிறார்கள்.)

தேர்வைத் தீர்மானிப்பது கோப்பின் பெயருக்குப் பின்னுள்ள மூன்றெழுத்து அன்று. தகட்டில் முதலில் என்ன இருந்தது என்பதே. ஒரு சிடி, வினாடிக்கு 75 கூறுகள் என்ற கணக்கில் பகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கூறும், அதாவது செக்டாரும், 2352 பைட் கொண்டது. பாட்டுத் தகட்டில் அந்த 2352 பைட்டும் ஒலியே. தரவுத் தகட்டில் 12 பைட் தொடக்க அடையாளத்துக்கும், 4 பைட் முகவரிக்கும் போய்விட, 2048 பைட் மட்டுமே நம் கோப்புக்குக் கிடைக்கும். எஞ்சிய 288 பைட் பிழை கண்டறிவதற்கும் திருத்துவதற்கும் உரியது. ஐஎஸ்ஓ கோப்பில் இருப்பது அந்த 2048 பைட்டுகளின் வரிசை மட்டுமே. அதில் ஒரே ஒரு தரவு ட்ராக்குக்குத்தான் இடம் உண்டு. பாட்டு ட்ராக்கையோ, பல ட்ராக்குகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற குறிப்பையோ வைக்க அதில் வழியே இல்லை. பின் கோப்பு, எம்டிஎஃப் கோப்பு, க்ளோன்சிடி மென்பொருளின் சிசிடி என்ற குறிப்புக் கோப்போடு வரும் ஐஎம்ஜி போன்றவை பெரும்பாலும் 2352 பைட்டையும் அப்படியே வைத்திருப்பவை. சிசிடியோடு வரும் எஸ்யூபி கோப்பு, இதற்கு மேலும் செக்டாருக்கு 96 பைட் துணைக் குறிப்புகளைத் தனியாகச் சேமிக்கிறது.

இந்த வேறுபாடு தெரியாமல் கடைகளில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று உண்டு. முழுதாக நிறைந்த 80 நிமிடத் தகட்டின் பின் கோப்பு 84,67,20,000 பைட் இருக்கும். விண்டோஸ் அதை 807 எம்பி என்று காட்டும். 700 எம்பி சிடியில் இது எப்படி அடங்கும் என்று எண்ணி, டிவிடியில் ஒரு சாதாரணக் கோப்பாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுப் பிளேயர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த 807, வந்த சிடியில் அப்படியே அடங்கும். தரவாகக் கணக்கிட்டால் அதே தகட்டின் கொள்ளளவு 703 எம்பி. ஆக, கோப்பின் அளவைப் பார்த்துத் தகட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஆனால் அளவு வேறொன்றுக்கு உதவும். கமிட்டிக்காரர் கொண்டுவந்த பின் கோப்பு 61,95,56,784 பைட் இருந்தது. கால்குலேட்டரில் 2352ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 2,63,417 வருகிறது. 2048ஆல் வகுத்தால் மீதி வருகிறது. எனவே இது முழுச் செக்டார் வகை. 2,63,417ஐ 75ஆல் வகுத்தால் 58 நிமிடம் 32 வினாடி. வில்லுப்பாட்டுத் தகட்டின் நீளமும் ஏறத்தாழ அதுவே என்று உறையில் எழுதியிருந்தது.

அடுத்து க்யூ கோப்பை நோட்பேடில் திறந்தேன். பெயர்தான் பயமுறுத்துமே தவிர, அது நாலு வரித் தபால் போன்ற வெறும் எழுத்துக் கோப்பு. முதல் வரியில் பின் கோப்பின் பெயர், அதன் கீழே ட்ராக் 01 ஆடியோ, இண்டெக்ஸ் 01 00:00:00, பிறகு ட்ராக் 02 என்று இறங்கிக்கொண்டே போகும். மூன்று எண்களும் முறையே நிமிடம், வினாடி, வினாடியில் எழுபத்தைந்தில் ஒரு பங்கு. ட்ராக் என்பதற்கு அடுத்து ஆடியோ என்றிருந்தால் பாட்டு, மோட்1 என்றிருந்தால் தரவு, மோட்2 என்றிருந்தால் பெரும்பாலும் வீடியோ சிடி. ஒரு நிமிடம் இதைப் படிப்பது, பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். இந்தக் க்யூ கோப்பின் முதல் வரியில் ஸ்டூடியோக் கணினியின் டி டிரைவ் பாதை முழுவதும் எழுதப்பட்டிருந்தது. பின் கோப்புக்கோ பிற்பாடு யாரோ கோயில் பெயரைச் சூட்டியிருந்தார்கள். அப்படியே கொடுத்தால் எந்த மென்பொருளும் கோப்பைக் காணோம் என்றுதான் சொல்லும். பாதையை அழித்து, இப்போதைய பெயரை மட்டும் மேற்கோள் குறிகளுக்குள் எழுதிச் சேமித்ததும் சரியாகிவிட்டது.

பாட்டுத் தகட்டை ஐஎஸ்ஓ ஆக்க முடியாது என்பதில் ஐயமில்லை. அப்படியானால் எம்பி3 ஆக்கி, அதிலிருந்து ஆடியோ சிடி போட்டால் என்ன என்று கேட்கலாம், பலரும் செய்கிறார்கள். வில்லுப்பாட்டுக்கு அது ஆகாது. இரவு முழுக்க நிற்காமல் ஓடும் பாட்டை, தேடுவதற்கு வசதியாகத்தான் ட்ராக்குகளாக வெட்டியிருக்கிறார்கள். நடுவில் மௌனம் கிடையாது. எம்பி3 ஆக்கும்போது ஒலியின் நுட்பம் சற்றுக் குறைவதோடு, ஒவ்வொரு ட்ராக்காகப் பதியும் முறையில் இடையிடையே 2 வினாடி இடைவெளியும் விழும். அண்ணாவி வரியை நிறுத்தி, பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போடவேண்டிய இடத்தில் 2 வினாடி ஊமையாகிப் பிறகு "ஆமா" வந்தால், கேட்கிற பெரியவர்கள் சிடி போட்டவனைத்தான் ஏசுவார்கள். தகடு முழுவதையும் ஒரே வீச்சில் பதியும் முறையில், க்யூ கோப்பைக் காட்டி நேரடியாகப் பதிந்தால் ஒரு துளிகூட மாறாது. இங்கே முதல் வழியைத் தவிர மற்றவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீடியோ சிடி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு குடும்பத்தின் திருமண வீடியோ சிடி பின் கோப்பாக என்னிடம் வந்தது. வழக்கம்போல ஐஎஸ்ஓ ஆக்கினேன். மாற்றும் மென்பொருளில் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. திறந்து பார்த்தேன், கோப்புறைகள் எல்லாம் இருந்தன, படம் இருக்கும் டேட் கோப்பும் முழு அளவோடு பட்டியலில் தெரிந்தது. திருப்தியோடு, இடம் போதவில்லை என்று மூலக் கோப்பை அழித்துவிட்டேன். பிறகுதான் அந்த ஐஎஸ்ஓ சில எம்பி மட்டுமே இருப்பதைக் கவனித்தேன். வீடியோ சிடியில் முதல் ட்ராக் வெறும் பெயர்ப்பட்டியல். படம் இரண்டாம் ட்ராக்கிலிருந்து தொடங்குகிறது. மாற்றும் மென்பொருள் எடுத்துக்கொண்டது முதல் ட்ராக்கை மட்டும். பட்டியலில் கோப்பின் பெயரும் அளவும் இருக்கும், அது சுட்டுகிற இடத்தில் எதுவும் இருக்காது. நல்லவேளையாக அந்த வீட்டில் கீறல் விழுந்த பழைய தகடு ஒன்று கிடைத்தது. அதிலிருந்து முக்கால்வாசியை மீட்டேன். தாலி கட்டும் இடம் தப்பியது, ஊர்வலத்தில் பாதி போயிற்று.

இரண்டாம் ட்ராக்கையும் சேர்த்து மாற்றுகிற மென்பொருளாக இருந்தாலும் தொல்லை தீராது. வீடியோ சிடி, 1993இல் வகுக்கப்பட்ட விதிப்படி, படத்துக்கான செக்டாரில் பிழை திருத்தும் பகுதியைக் கைவிட்டு 2324 பைட் வரை படத்துக்கே ஒதுக்குகிறது. ஐஎஸ்ஓ ஆக்கும் மென்பொருள் அதிலிருந்து 2048ஐ மட்டும் வெட்டி எடுத்தால், செக்டாருக்கு 276 பைட் படம் காணாமல் போகும். எனவே வீடியோ சிடிக்கும் நேரடிப் பதிவே சரி. பொய் டிரைவில் போட்டு டேட் கோப்பைப் பிரதியெடுத்துத் தரவுத் தகடாகப் போடலாம். கணினியில் ஓடும், ஆனால் அது வீடியோ சிடி ஆகாது, பழைய பிளேயர்கள் பலவற்றில் ஓடாது.

கமிட்டிக்காரரின் என்ஆர்ஜி கோப்பு நீரோ மென்பொருளுக்குச் சொந்தமான வகை. இதில் ட்ராக் விவரமெல்லாம் தனிக் கோப்பில் இல்லாமல், அதே கோப்பின் கடைசியில் ஒட்டியிருக்கும். தரவுத் தகடாக இருந்தால், முன்னால் உள்ள 3,07,200 பைட்டை, அதாவது 150 வெற்றுச் செக்டார்களைத் தாண்டினால் மீதி அநேகமாக ஐஎஸ்ஓதான். லினக்ஸில் உள்ள என்ஆர்ஜி2ஐஎஸ்ஓ என்ற சிறு கருவி செய்வது இவ்வளவே. ஆகவே பெயரின் வால் மூன்றெழுத்தை மட்டும் மாற்றி ஐஎஸ்ஓ என்று வைத்துப் பதிந்தால், எல்லாம் 150 செக்டார் தள்ளிப்போய்த் தகடு வீணாகும். பாட்டும் படமும் உள்ள என்ஆர்ஜிக்கு இந்தக் குறுக்குவழியும் உதவாது. அதை நீரோவிலோ, அதைப் படிக்கத் தெரிந்த வேறு மென்பொருளிலோ நேரடியாகவே பதிய வேண்டும்.

டிவிடிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். டிவிடியில் பாட்டு ட்ராக், வீடியோ ட்ராக் என்ற பிரிவினையே கிடையாது. எல்லாம் 2048 பைட் தரவு. அதனால் டிவிடியிலிருந்து எடுத்த எம்டிஎஃப், பல நேரங்களில் பெயரை மாற்றினாலே ஐஎஸ்ஓவாக ஓடும். இங்கே மாற்றுவதும் நேரடியாகப் பதிவதும் ஏறக்குறைய ஒன்றே. 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தகடாக இருந்தால் மட்டும், முதல் அடுக்கு எங்கே முடிகிறது என்ற குறிப்பு எம்டிஎஸ் கோப்பில் இருக்கும் என்பதால் அதை விட்டுவிடக் கூடாது. அடுக்கு தவறான இடத்தில் முறிந்தால் படம் அங்கே நிற்கும். காப்புப் பூட்டுள்ள பழைய விளையாட்டுத் தகடுகளின் எம்டிஎஸ், சிசிடி கோப்புகளில் இதைவிட நுட்பமான விவரங்கள் உண்டு; கொடை வீடியோ போடுகிறவர்களுக்கு அவை வேண்டியதில்லை.

எஞ்சியது யூஐஎஃப். மேஜிக்ஐஎஸ்ஓ மென்பொருளின் இந்த வகையும், பவர்ஐஎஸ்ஓவின் டிஏஏவும், அல்ட்ராஐஎஸ்ஓவின் ஐஎஸ்இசட்டும் சுருக்கி அடைக்கப்பட்ட கோப்புகள். பொதுவான பதிவு மென்பொருள்களுக்கு இவை புரியாது. இடம் மிச்சமாகிறது என்று அந்தக் காலத்தில் இவற்றில் சேமித்தவர்கள், ஒரு நிறுவனத்தின் சாவியைக் கொண்டு பூட்டிவைத்தவர்கள் என்பேன். இங்கேதான் மாற்றுவது கட்டாயமாகிறது. அந்தந்த நிறுவனத்தின் மென்பொருளையே கொண்டு மாற்றப் போனால், பணம் கட்டாத பதிப்பில் 300 எம்பிக்கு மேல் கையாள விடாமல் நிறுத்துகிற வழக்கம் உண்டு. யூஐஎஃப்2ஐஎஸ்ஓ, டிஏஏ2ஐஎஸ்ஓ என்ற இலவசச் சிறு கருவிகள் அந்தத் தடை இல்லாமல் வேலையை முடிக்கின்றன. ஆப்பிள் கணினியிலிருந்து வந்த டிஎம்ஜியாக இருந்தால், ஆப்பிளிலேயே மாற்றிக்கொண்டு வரச் சொல்வதே எளிது. இணையதளத்தில் ஏற்றி மாற்றித் தருவதாகச் சொல்லும் சேவைகளை நான் தொடுவதில்லை. 600 எம்பியை ஏற்றி இறக்கும் நேரம் ஒருபுறமிருக்க, ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை முகம் தெரியாதவர் கணினியில் கொண்டுபோய் வைக்க நமக்கு யார் உரிமை கொடுத்தது?

மென்பொருளைப் பொறுத்தவரை, விண்டோஸில் நான் நம்புவது இம்ஜ்பர்ன். 2013இல் வந்த 2.5.8.0தான் அதன் கடைசிப் பதிப்பு என்றாலும் இன்றைய கணினிகளிலும் ஓடுகிறது. க்யூ, சிசிடி, எம்டிஎஸ், என்ஆர்ஜி, சிடிஐ ஆகியவற்றை மாற்றாமலே எடுத்துக்கொள்ளும். பெரிய கோப்பைக் காட்டாமல், அதனோடு உள்ள குறிப்புக் கோப்பைக் காட்ட வேண்டும்: பின் கோப்பை அல்ல, க்யூவை; எம்டிஎஃப்பை அல்ல, எம்டிஎஸ்ஸை. நிறுவும்போது கேட்காத மென்பொருளையும் கூடவே திணிக்கப் பார்த்த நிறுவிகள் உலவுவதால், ஒவ்வொரு பக்கத்தையும் படித்துக் குறிகளை நீக்கிக்கொண்டே போக வேண்டும். விண்டோஸ் 7இலிருந்து கூடவே வரும் பதிவுக் கருவி ஐஎஸ்ஓவுக்குப் போதும், மேற்சொன்ன வகைகளுக்கு உதவாது. லினக்ஸில் கே3பி, க்யூ கோப்பை எடுத்துக்கொள்ளும், சிடிஆர்டிஏஓவும் அப்படியே. பாட்டுத் தகட்டைப் போட்டதும் பாட்டுக்குப் பதில் ஓயாத இரைச்சல் கேட்டால் தகட்டைக் குற்றம் சொல்ல வேண்டாம்; பைட்டுகளின் வரிசை முன்பின் மாறியிருக்கிறது, சிடிஆர்டிஏஓவில் அதைத் திருப்பிப் போட ஸ்வாப் என்ற தெரிவு இருக்கிறது.

மூன்றாவது வழியான பொய் டிரைவை, பதியும் வழியாக அல்லாமல் சோதனைச் சாவடியாகவே நான் வைத்திருக்கிறேன். விண்டோஸில் வின்சிடிஈமு, லினக்ஸில் சிடிஈமு இரண்டும் இலவசம். தகட்டை வீணாக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. தரவுத் தகடு என்றால் கோப்புகளை அப்படியே இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். பாட்டுத் தகட்டில் மட்டும் ஏமாறக் கூடாது. விண்டோஸ் அதில் ட்ராக்குக்கு ஒன்றாகச் சிடிஏ என்ற கோப்புகளைக் காட்டும். ஒவ்வொன்றும் 44 பைட். அவற்றைப் பென் டிரைவில் பிரதியெடுத்து, பாட்டு வந்துவிட்டது என்று ஊருக்குப் போய்த் திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவை வெறும் முகவரிச் சீட்டுகள்.

ஆகவே கமிட்டிக்காரருக்கு நான் செய்தது இது. வில்லுப்பாட்டைக் க்யூ வழியாகவும், வீடியோ சிடியை என்ஆர்ஜியிலிருந்தும், டிவிடியை எம்டிஎஸ் வழியாகவும் நேரடியாகப் பதிந்தேன். ஒவ்வொன்றிலும் முதலில் ஒரே ஒரு தகடு போட்டு, பதிந்தபின் சரிபார்க்கும் தெரிவையும் இயக்கி, ஊருக்குக் கொடுத்தனுப்பி, அங்குள்ள பிளேயர்களில் மிகப் பழையதில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். டிவிடி தயங்காமல் ஓடியது. ஆடியோ சிடி இரண்டாம் ட்ராக்கில் திக்கியது. வேகத்தைக் குறைத்து, வேறு டப்பாவிலிருந்து எடுத்த வெற்றுத் தகட்டில் மறுபடி போட்டதும் சரியாயிற்று. அதன் பிறகே மற்றவற்றைப் போட்டேன்.

யூஐஎஃப்பை மட்டும் மாற்றித் திறந்தேன். உள்ளே பாட்டும் இல்லை, படமும் இல்லை. ஒரு கொடையின் புகைப்படங்கள் முன்னூறு சொச்சம். அதற்குத் தகடே வேண்டியிருக்கவில்லை. பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவர் கடையிலேயே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்து, முளைப்பாரி தூக்கிவரும் தம் தாயாரின் படம் வந்ததும் நிறுத்தி, அதை மட்டும் பெரிதாகப் பிரிண்ட் போடச் சொன்னார்.